மாத்திரையும் மனமும்

கேள்வி: எச்.ஐ.வி.க்கு மாத்திரை இலவசமாகக் கிடைக்கையில், அதைத் தரும் இடத்திலேயே மனநல ஆலோசனையும் வேண்டும் என்கிறார்களே, அவசியந்தானா?

பதில்: மிகவும் அவசியம். கூட்டு மருந்தை ஆயுள் முழுவதும் தவறாது உட்கொண்டால், கிருமி இரத்தத்தில் கண்டறிய இயலாதவாறு ஒடுங்கும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றுவதுமில்லை. ஆனால் ஊராரின் ஏச்சுக்கும் உற்றாரின் விலக்கலுக்கும் அஞ்சி, உறக்கமிழந்து, நாளைய தினத்தையே வெறுத்து நிற்கும் ஒருவருக்கு அந்த நித்திய நியமம் எங்ஙனம் கைகூடும்?

இதற்கு வழிகாட்டும் அனுபவம் ஒன்று உண்டு. மனநல வைத்தியர்கள் மிகச் சிலரே இருந்த ஜிம்பாப்வே தேசத்தில், டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006இல், ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் மருத்துவ நிலைய வளாகத்துப் பெஞ்சில் அமர்ந்து, வருவோரின் துயரங்களைப் பொறுமையுடன் கேட்டு, வந்தோர் தாமே வழிகாண உதவுமாறு செய்தார். பாட்டியிடம் மனம் திறப்பது எவருக்கும் எளிதன்றோ! 2016இல் வெளியான ஆய்வில், இத்தகைய பாட்டிமாரிடம் பேசியோரின் மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றோருடையதைவிடப் பெரிதும் தணிந்திருந்தது. பங்கேற்றோரில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் எச்.ஐ.வி. உடையோர்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையங்களிலும் ஆலோசகர் உண்டு. உறக்கமின்மையையோ உயிர்வெறுப்பையோ அவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். நோயாளியின் நிலையை இரகசியமாகக் காக்க வேண்டுமென்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமே விதித்திருக்கிறது.