வளையும் கிராஃபீன் ஃபிலிம்: முக்கால் விநாடி டார்ச்

கொல்லிமலை அடிவாரத்துல இருக்கிற முள்ளுக்குறிச்சி எங்க ஊர். காத்தோட மழை வந்தா முதல்ல போறது கரண்ட். அதனால தாத்தா கையில எப்பவும் டார்ச் இருக்கும். ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டப்போ, "பை வாரில் தைக்கக்கூடிய வளையும் சூப்பர்கெபாசிட்டர், அதில் எரியும் டார்ச்"னு எழுதிக் கொடுத்துட்டேன். இதே மாதிரி தலைப்பு எடுக்கப்போற ஜூனியர்ஸ், கொஞ்சம் இதைப் படிச்சிட்டுப் போங்க.

அடிப்படை என்ன?

சூப்பர்கெபாசிட்டரில் அயனிகள் எலக்ட்ரோடின் மேற்பரப்பில் வந்து நிற்பதால்தான் சார்ஜ் சேமிக்கப்படுகிறது. பேட்டரி மாதிரி வேதிவினை தேவையில்லை. அதனால சட்டுனு சார்ஜ் ஏறும். மேற்பரப்பு கூடினா சேமிப்பும் கூடும். கிராஃபீன் ஒரே ஒரு அணு தடிமன் உள்ள கார்பன் தாள். கணக்குப்படி 1 கிராமுக்குச் சுமார் 2,630 சதுர மீட்டர் பரப்பு! 2004-ல் கைம், நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டிலிருந்து இதை உரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு.

கிராஃபைட் நமக்குத் தூரத்துச் சரக்கும் இல்லை. சிவகங்கையில் டாமின் நிறுவனம் எடுக்கிறது. அதே மாவட்டத்தில், காரைக்குடியில், மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது.

ஃபிலிம் எப்படி வருது?

கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றி, கிராஃபீன் ஆக்சைடாக்கித் தண்ணீரில் கலக்கணும். அதை வடிகட்டிக் காயவெச்சு, வைட்டமின் சி போன்ற ஒன்றால் ஆக்சிஜனை நீக்கினா கறுப்பு ஃபிலிம் ரெடி. ஆனா மழையில நனைஞ்ச நோட்டு காய்ஞ்சதும் பக்கமெல்லாம் ஒட்டிக்குமே, அதே கதைதான் இங்கேயும். தாள்கள் ஒட்டிக்கிட்டா அயனி உள்ளே போக வழியில்லை. 2012-ல் கலிஃபோர்னியாவில் எல்-காடி, கேனர் குழு டிவிடி டிரைவின் லேசரால் கிராஃபீன் ஆக்சைடைச் சுட்டது. தாள்கள் உப்பிப் பிரிஞ்சு நின்றன. கிராமுக்கு 1,520 சதுர மீட்டர் கிடைத்தது.

நான் விழுந்த குழி

"கிராமுக்கு 200 ஃபாரட்"னு படிச்சதும் மயங்கிட்டேன். என் ஃபிலிம் எத்தனை கிராம்னு யோசிக்கலை. நீங்க இப்பவே போட்டுப் பாருங்க:

1 சதுர செ.மீ., 1 மைக்ரான் தடிமன், அடர்த்தி 1 என்றால் எடை 0.1 மில்லிகிராம். கெபாசிட்டன்ஸ் 20 மில்லிஃபாரட். ஒரு செல்லுக்கு ரெண்டு எலக்ட்ரோடு, அவை சீரிஸ் என்பதால் 10 மில்லிஃபாரட். 1 வோல்ட்டில் ஆற்றல் 5 மில்லிஜூல். சிவப்பு எல்.இ.டி.க்கு வோல்டேஜ் போதணும்னு மூணு செல்லை இணைச்சா 15 மில்லிஜூல். எல்.இ.டி. 20 மில்லிவாட் எடுத்தா முக்கால் விநாடி. ரிவ்யூவில் கண் சிமிட்டிட்டு அணைஞ்சது!

தடிமனை 100 மைக்ரான் ஆக்கினா 75 விநாடி வரணுமே? கணக்குல வரும். ஆனா தடிச்ச ஃபிலிமில் அயனி ஆழம் வரை போகத் திணறும். வளைச்சா வெளிப்பக்கம் இழுபட்டு விரிசலும் விடும். வளையணும்னா மெல்லிசா இருக்கணும், சேமிக்கணும்னா தடிமன் வேணும். இந்த இழுபறிதான் உண்மையான புராஜெக்ட்.

அதனால கிராமுக்கு எவ்வளவுன்னு மட்டும் எழுதாதீங்க. சதுர செ.மீ.க்கு எவ்வளவு, தடிமன் எவ்வளவு, எத்தனை தடவை வளைச்சீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. நான் தலைப்பை மாத்திட்டேன்: இப்போ பேட்டரிக்குத் துணையா, சென்சார் சிக்னல் அனுப்பும் அந்த ஒரு நொடிக்கு மட்டும்.

தாத்தா டார்ச்சில் இன்னும் பழைய செல்தான்.