மூச்சு விடாத பாடகிக்குப் பாட்டு எழுதப் போகிறவர்களுக்கு

ஹட்சுனே மிக்கு என்ற பாடும் மென்பொருளைக் கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டு, “ஐயா, எங்கிருந்து ஆரம்பிப்பது?” என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். நான் சின்தசைசர் காலத்து ஆள். கீபோர்டுக்குள் மனிதக் குரலைத் தேடித் தேடி அலுத்த தலைமுறை. தெரிந்ததைச் சொல்கிறேன். திரும்பத் தேடிப் பார்க்க வசதியாக எண் போட்டிருக்கிறேன், மற்றபடி வரிசைக்கு அர்த்தம் ஏதுமில்லை.

1. யாரைப் பாட வைக்கப் போகிறாய் என்று முதலில் தெரிந்துகொள். ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரில் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா என்று ஒரு நிறுவனம். ஒலித் தொகுப்புகளை விற்று வந்தவர்கள். அவர்கள் 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட மென்பொருள்தான் மிக்கு. அன்று உள்ளே ஓடிய இயந்திரம் யமஹாவின் வோக்கலாய்ட் 2. வோக்கலாய்டுக்கான ஆராய்ச்சியை யமஹா 2000இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கியது. குரல், சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையுடையது. அட்டையிலிருக்கும் பெண்ணை வரைந்தவர் கேய். இரட்டைச் சடைப் பெண்ணின் உடுப்பை உற்றுப் பார், யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் சாயல் தெரியும். வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 42 கிலோ. இதற்கு மேல் ஊர், உறவு, கதை என்று எதையும் நிறுவனம் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ஆயிரக்கணக்கான பேர் பாட்டாலும் படத்தாலும் நிரப்பினார்கள். நீயும் அங்கேதான் நுழையப் போகிறாய்.

2. பொத்தானை அழுத்தினால் பாடிவிடும் என்று நினைக்காதே. ஃபுஜிதா முழுப் பாட்டு எதையும் பாடிக் கொடுக்கவில்லை. ஒரு ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு நகரும் சிறு துணுக்குகளைப் பதிவு செய்து கொடுத்தார். நீ திரையில் சுரத்தை வைத்து அதன் மேல் அசையை எழுதினால், மென்பொருள் துணுக்குகளைத் தேடி எடுத்து, சுருதி மாற்றி, ஒட்டுத் தெரியாமல் இணைத்துத் தருகிறது. அப்படி வருவது எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் குரல்போல இருக்கும். அது பாட்டாவதற்கு நீ ராத்திரி விழிக்க வேண்டும். டிஎக்ஸ்7 வந்த 1983இலும் இதே கதைதான். நிரல் எழுதுவது கடினம் என்று பெரும்பாலோர் உள்ளே இருந்த தயார் ஒலிகளையே தட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே மின்பியானோ கேட்பதாக எனக்குத் தோன்றும்.

3. மூச்சைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மிக்குவுக்கு நுரையீரல் இல்லை. நாற்பது மாத்திரை வரியைக் கொடுத்தாலும் திணறாமல் முடிப்பாள். கேட்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும். மனிதர் பாடும்போது சொற்கட்டு எங்கே முடிகிறது, எந்தச் சொல்லுக்கு முன் ஒரு தயக்கம் என்பதையெல்லாம் மூச்சுதான் தீர்மானிக்கிறது. இங்கே அதை நீதான் எழுத வேண்டும். வரியை முதலில் நீயே வாய்விட்டுப் பாடிப் பார். குரல் கேவலமாக இருந்தாலும் கவலையில்லை, கதவைச் சாத்திக்கொள். எங்கே உனக்கு மூச்சு வாங்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடு. அந்தக் கோட்டுக்கு முந்தைய சுரத்தின் வாலைக் கொஞ்சம் வெட்டு. வெட்டிய இடத்தில் ஒரு மூச்சொலித் துணுக்கை வைக்கலாம், ஆனால் அளவாக. ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்தால் பாடகி மாடிப்படி ஏறி வந்தவள்போல் ஆகிவிடுவாள்.

இன்னொரு நுணுக்கம். மென்பொருள் உயிரொலியைத்தான் தாளத்தின் மேல் வைக்கும். மெய்யொலி அதற்குச் சற்று முன்பே தொடங்கி, முந்தைய சுரத்தின் கடைசித் துளியைத் தின்றுவிடும். நல்ல பாடகர்கள் செய்வதும் இதுதான் என்பதால் குறை சொல்ல முடியாது. ஆனால் வேகமான வரிகளில் எழுத்துகள் மோதிக்கொள்ளும். அப்போது வெலாசிட்டி அளவைக் கூட்டு, மெய் குறுகும். பெயரைப் பார்த்து அதைச் சத்தத்தின் அளவு என்று எண்ணிவிடாதே. சத்தத்துக்கு டைனமிக்ஸ் என்று தனியாக இருக்கிறது.

4. மற்ற அளவுகளான மூச்சுக்காற்று, பிரகாசம், தெளிவு, வாய் திறப்பு, ஜெண்டர் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தொடாதே. சுருதி வளைவும் டைனமிக்ஸும் கைவசமானால் முக்கால் வேலை முடிந்தது. நீண்ட சுரங்களில் அதிர்வை அரைவாசிக்குப் பிறகு தொடங்கு. தொடக்கத்திலிருந்தே நடுங்கினால் அழுகை ஆகிவிடும்.

5. நிறுவனமே ஓர் எல்லை சொல்லியிருந்தது. நிமிடத்துக்கு 70 முதல் 150 தட்டு வரை, ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயிக்குள், அவள் நன்றாகப் பாடுவாள் என்று. முதல் பாட்டை அதற்குள் எழுது. அதன்பின் தாராளமாக மீறு. மீறியவர்களில் பெரிய ஆள் காஸ்மோ என்ற பெயரில் இயங்கியவர். ‘ஹட்சுனே மிக்குவின் மறைவு’ என்ற அவர் பாட்டு 240 தட்டில் பறக்கிறது. தான் வெறும் மென்பொருள் என்று உணர்ந்து அழிந்துபோகிறவள் கடைசியாகக் கொட்டித் தீர்க்கும் பாட்டு. மனித நாக்கு எட்டாத வேகம்தான் அங்கே கருத்தே. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மனிதக் குரல்போலவே ஆக்கிக் காட்டுகிறேன் என்று மாதக்கணக்கில் உழைப்பவர்களைவிட, இந்தக் குரலால் மட்டும் என்ன முடியும் என்று யோசித்தவர்களின் பாட்டுகள்தான் நிலைத்திருக்கின்றன. முழுக்க மறைக்கப் பார்த்தால் ஏதோ ஓரிடத்தில் இயந்திரம் எட்டிப் பார்க்கும், அந்த ஒரு இடம் மொத்தப் பாட்டையும் கெடுக்கும்.

6. தமிழில் பாட வைக்க ஆசைப்படுவாய். தெரியும், எல்லோரும் முதலில் அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். ஜப்பானியக் குரல் தொகுப்பில் ர, ற, ல, ள, ழ எல்லாவற்றுக்கும் சேர்த்து நாக்கு ஒருமுறை தட்டும் ஓர் ஒலிதான் உண்டு. மழையும் மலையும் மறையும் ஒன்றாகிவிடும். சொல் பெரும்பாலும் உயிரில் முடிய வேண்டும், ஏதோ ஒரு மூக்கொலி மட்டும் தனியாக நிற்கும். ஆகவே ‘அவள்’ என்று எழுதினால் ‘அவரு’ என்று வரும். காதல் பாட்டில் இதைவிட விபத்து வேண்டாம். 2013இல் வந்த ஆங்கிலக் குரல் தொகுப்பை எடுத்துப் பார். மெய்யில் முடியும் சொற்களை அது தாங்கும். அமெரிக்க உச்சரிப்பின் ‘ர’ நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. நான் சொல்வது கேட்டால், முதல் முயற்சிக்கு உயிரில் முடியும் சொற்களாகத் தேர்ந்தெடுத்து வரி எழுது. ‘நிலா’ வரட்டும், ‘நிழல்’ பிறகு வரலாம்.

7. பாட்டு உன்னுடையது, படத்திலிருக்கும் பெண் உன்னுடையவள் அல்ல. இதில் குழம்பி மாட்டிக்கொள்ளாதே. மென்பொருளில் நீ செய்த பாடலை விற்கலாம். ஆனால் மிக்குவின் பெயரையும் உருவத்தையும் அட்டையில் போட்டு விற்க நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஆதாயம் இல்லாத ரசிகர் படைப்புக்கு அவர்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். 2007 டிசம்பரிலேயே பியாப்ரோ என்ற தளத்தைத் தொடங்கி, ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பாட்டுக்கு எடுக்கவும், எடுத்தவர் வரைந்தவருக்கு நன்றி சொல்லவும் வழி செய்தார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று பெயர் போடாமல் எடுத்துப் போகும் பழக்கம் உன்னிடம் இருந்தால் இன்றே விடு.

எடுத்துக்காட்டுக்கு மிக்குவின் கையிலிருக்கும் வெங்காயத்தாளை எடுத்துக்கொள். நிறுவனம் கொடுத்ததல்ல அது. மென்பொருள் வந்த சில நாட்களில், ஓட்டோமேனியா என்பவர் ‘ஈவான் போல்கா’ என்ற ஃபின்லாந்து நாட்டுப் பாட்டை அவளைப் பாட வைத்தார். கூடவே வந்த அசைபடத்தில் குட்டி மிக்கு ஒரு வெங்காயத்தாளைச் சுழற்றினாள். முன்பே வலையில் சுற்றிய ஒரு வேடிக்கைப் படத்தின் எதிரொலி அது. இன்று அது அவளுடைய அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. பாத்திரத்தைப் பலர் சேர்ந்து கட்டினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

8. ஒரு மனிதரின் குரலை அவருக்குத் தெரியாமல் எடுத்துச் செய்யாதே. எத்தனை நல்ல மென்பொருள் வந்தாலும் சரி. ஃபுஜிதா சம்மதித்து, கூலி வாங்கி, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து கொடுத்த குரல் மிக்கு. இன்று ஒருவரின் பழைய பதிவுகளை வைத்தே அவர் குரலை எழுப்பிவிட முடிகிறது. 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பாட வைத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அப்படியும் மனசு ஒப்பாதவர்கள் இருந்தார்கள். என் மனசும் முழுதாக ஒப்பவில்லை, இறந்தவர் வேண்டாம் என்று சொல்ல முடியாதே. அனுமதியே கேட்காமல் செய்வதைப் பற்றி நான் பேசக்கூட விரும்பவில்லை.

9. மேடையைப் பற்றி இப்போதே கனவு காணாதே. ஹோலோகிராம் என்று எல்லோரும் சொல்வது, கண்ணாடிபோன்ற திரையில் பின்னாலிருந்து வீழ்த்தும் படம்தான். முக்கியம் என்னவென்றால் பக்கத்தில் கிட்டாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள் நிஜ மனிதர்கள். 2010 மார்ச்சில் டோக்கியோ நிகழ்ச்சியில் அப்படித்தான், 2011இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் அப்படித்தான். 2024 கோச்செல்லா இசை விழாவில் மிக்குவைச் சாதாரண எல்இடி திரையில் காட்டியபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

மேடையில் எனக்குப் பிடித்த சம்பவம் வேறு. மூக் சின்தசைசரை ஜப்பானில் முன்னோடியாகக் கையாண்ட இசாவோ தொமிதா, 2012 நவம்பரில், தன் 80ஆவது வயதில், ‘இஹாதோவ்’ என்ற சிம்பொனியில் மிக்குவைப் பாட வைத்தார். பதிவு செய்த குரலுக்கு இசைக்குழு அடங்கிப்போவதை அவர் ஏற்கவில்லை. நடத்துனரின் கோலுக்கு மிக்குதான் கட்டுப்பட வேண்டும் என்றார். கிரிப்டன்காரர்கள் அதற்கென்றே ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். நீ எழுதும்போதும் இதை வைத்துக்கொள். தாளக் கட்டத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, பிறகு உயிரில்லை என்று புலம்பாதே. முதலில் கையால் வாசித்த ஒரு கிட்டாரையோ பியானோவையோ பதிவு செய், குரலை அதற்குப் பின்னால் நடக்கவிடு.

10. முதல் பாட்டை முடி. எட்டு வரி போதும்.

11. ஒருநாள் மிக்கு வேண்டாம் என்று தோன்றும். தப்பில்லை. யோனெசு கென்ஷி ‘ஹாச்சி’ என்ற பெயரில் வோக்கலாய்ட் பாட்டுகள் செய்துகொண்டிருந்தார். 2012இல் சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் இசைத்தொகுப்பு வெளியிட்டார். இன்று ஜப்பானின் பெரிய பாடகர்களில் ஒருவர். யோஆசோபி குழுவின் அயாசேயும் இதே வழியாக வந்தவர்தான். தன் குரலைக் காட்டக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்த மென்பொருள் ஒரு திரைபோல உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். திரையை விலக்கும் நாளை நீதான் முடிவு செய்ய வேண்டும், பார்க்கிறவர்கள் அல்ல. யோனெசு 2017இல் பழைய ஹாச்சி பெயரிலேயே திரும்பி வந்து, மேஜிக்கல் மிராய் என்ற மிக்கு விழாவுக்காக அவளை ‘மணல் கிரகம்’ பாட வைத்தார். வோக்கலாய்ட் உலகம் பாலைவனமாகிவிட்டது என்று குத்திக் காட்டுகிறார் என்று ஒரு பக்கம் கோபித்துக்கொண்டார்கள், வழக்கம்போல இன்னொரு பக்கம் அதற்குப் பதில் சொல்லிப் பாட்டு எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.