பாசியிலிருந்து நீல நிறம்

இனிப்புப் பண்டங்களுக்குச் சிவப்பு நிறமூட்டப் பீற்றூட் உண்டு. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள் உண்டு. நீலத்துக்கு என்ன செய்யலாம்? சுருளிப்பாசி (ஸ்பைருலினா) என்னும் நுண்ணிய நீர்ப்பாசி அதனைத் தருகிறது. பைக்கோசயனின் எனப்படும் இந்த நீலம் ஒரு புரதம். அமெரிக்காவில் 2013 இல் இனிப்புகளுக்கும் சூயிங்கத்துக்கும் இதனைச் சேர்க்க அனுமதி கிடைத்தது.

முதலில் ஓர் எச்சரிக்கை

குளத்தில் மிதக்கும் பச்சைப் படையை இதற்காக அள்ள வேண்டாம். 1999 மே மாதத்தில் கண்டி வாவியில் பெருகிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசி, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடிய இனம். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. நல்ல பாசியையும் நச்சுப் பாசியையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. புதிய இடத்தில் குடியேறியவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்: இவ்வாறு பாசி படர்ந்த நீரைக் குடிக்கவோ ஆடுமாடுகளுக்குக் கொடுக்கவோ கூடாது.

செய்முறை

1. உணவுக்கென விற்கப்படும் சுருளிப்பாசித் தூள் 10 கிராமை, கொதித்து நன்றாக ஆறிய நீர் 200 மில்லிலீற்றரில் கலக்குங்கள்.

2. மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் மூன்று மணி நேரம் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் ஓர் இரவு வைக்கலாம்.

3. அசைக்காமல் மேல்நீரை ஊற்றி, மடித்த சுத்தமான துணியில் இருமுறை வடியுங்கள். பச்சையம் நீரில் கரையாது, அடியில் தங்கிவிடும். நீலம் நீரோடு வரும்.

அடியில் தங்கும் மண்டியை வீசாமல் கோழித் தீனியில் கலக்கலாம்.

நிறத்தைக் காப்பது எப்படி?

புரதம் ஆகையால் இதுவும் பாலைப் போலப் பழுதாகும். சூடு 45 பாகை செல்சியசைத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். ஆகவே கொதிக்கும் பாகில் ஊற்ற வேண்டாம். ஐசிங், ஐஸ்கிறீம் போன்றவற்றுக்கே உகந்தது. வெயிலும் ஆகாது. ஊறுகாயைக் காக்கும் தேசிப்புளி இந்த நீலத்தைக் கெடுத்துவிடும். சீனியோ நிறத்தைக் காக்கும்: 100 கிராம் நீல நீருக்கு 150 கிராம் சீனியைச் சூடாக்காமல் கரைத்து, போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் நீல நீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். அங்கே சேமிக்க வேண்டியது நீரை அல்ல, தூளையே. ஈரமும் வெளிச்சமும் புகாத டப்பாவில் அதை வைத்து, தேவையான அளவுக்கு மட்டும் நீலம் எடுங்கள்.

துணிக்கு இது சாயமாகாது, கழுவும்போது போய்விடும்.

கைப்பணம் முழுவதையும் தூளில் முடக்காதீர்கள். முதலில் 10 கிராமில் செய்து பாருங்கள். உங்கள் ஊரில் நீல நிறப் பண்டத்தை வாங்குவோர் யார், எந்த நாட்களில் வாங்குவார்கள் என்று குழுவாகப் பேசி, அதன் பின்னர் தொடங்குங்கள்.