ஆங்கிலம் பழகுவோம்: தமிழ் கைகொடுக்கும், சில நேரம் காலை வாரும்

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள், எம்.யூ.இ.டி. பேச்சுத் தேர்வு, வேலை நேர்காணல் என்று எங்கே போனாலும் நம்ம பிள்ளைகள் பெரும்பாலும் அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். "வீட்டுல தமிழ் பேசுறதாலதான் இங்கிலீஷ் வரல" என்று சொல்பவர்களும் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ் எங்கே உதவும், எங்கே உதவாது என்று தெரிஞ்சுக்கிட்டா போதும்.

'கேன் யூ பாரோ மீ யுவர் பென்?' இதைக் கேட்காத வகுப்பறை இருக்கா? பேச்சு மலாயில் 'பிஞ்சாம்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் அப்படி இல்லையே! இரவல் வாங்குறது வேற, இரவல் கொடுக்குறது வேற. வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'. ஆகவே 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' அல்லது 'கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?'.

'ஐ ஃபாலோ யூ டு தி ஷாப்' என்பதும் இதே வகைதான். மலாய் 'இக்குட்' உள்ளே புகுந்துவிட்டது. "நானும் உன்கூட வர்றேன்" என்று தமிழில் யோசிங்க. அந்தக் 'கூட'தான் 'வித்': 'ஐ வில் கம் வித் யூ'. 'ஃபாலோ' என்றால் துப்பறியும் படத்தில் வருகிற மாதிரி பின்னாலேயே போவது. மாமாக் கடையில் நண்பர்களோடு எப்படி வேணும்னாலும் பேசுங்க, யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. தேர்வில் குறைப்பாங்க.

அடுத்து 'சின்ஸ்', 'ஃபார்'. இதற்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. "2022-லிருந்து" என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ் 2022'. "2 வருஷமா" என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார் 2 இயர்ஸ்'. 'சின்ஸ் 2 இயர்ஸ்' என்பது தவறு.

ஆனால் அதே வாக்கியத்தில் வினைச்சொல்லுக்கு வரும்போது தமிழ் காலை வாரிவிடும். "2 வருஷமா இங்க வேலை செய்றேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம் இல்லையா? அதை அப்படியே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் 2 இயர்ஸ்' என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்துக்கு அது போதாது. அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது என்பதைக் காட்ட 'ஹேவ்' வேண்டும்: 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் 2 இயர்ஸ்'. 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றாலும் சரியே.

இந்த 'ஹேவ்' சின்ன விஷயம் இல்லை. வேலைக்கு மனு போடும்போது, இப்போது இருக்கிற கம்பெனியைப் பற்றி 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் 2 இயர்ஸ்' என்று எழுதினால், நீங்கள் அங்கிருந்து விலகிவிட்டதாகவே படிக்கிறவர் நினைப்பார். "ஏன் வேலையை விட்டீங்க?" என்று கேட்டால் முழிக்கணும். மறுபக்கம், முடிந்துபோன ஆண்டைக் குறிப்பிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் எஸ்.பி.எம். இன் 2022' தவறு. 'ஐ ஃபினிஷ்ட் எஸ்.பி.எம். இன் 2022' சரி. ஆண்டைச் சொல்லாமல் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் எஸ்.பி.எம்.' என்றால் அதுவும் சரி.

தமிழ் காலை வாருகிற இன்னொரு இடம் 'டிஸ்கஸ் அபௌட்'. "அதைப் பற்றி விவாதிப்போம்" என்கிற 'பற்றி'தான் அங்கே 'அபௌட்' ஆகிவிடுகிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கியிருக்கிறது, அதனால் 'லெட் அஸ் டிஸ்கஸ் தி பிளான்' போதும். 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் 'அபௌட்' சேர்க்கலாம்.

இப்போது இதைத் திருத்திப் பாருங்க: 'மை சிஸ்டர் இஸ் டீச்சிங் சின்ஸ் 5 இயர்ஸ், அண்ட் யெஸ்டர்டே ஷீ பாரோட் மீ ஹெர் நோட்ஸ்.' மூன்று இடத்தில் கைவைக்கணும்.