சுவர் விசையும் ஸ்மார்ட் விசையும்

விளக்கேற்றுங் கருவிகளுள் யாவருக்கும் எளிதில் விளங்குவது சுவரிற் பதித்த மின்விசையேயாம். 1884-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பார் இதனைத் திருத்தியமைத்தார். மின்னோட்டத்தை மெல்லத் துண்டிப்பின், தொடுமுனைகளினிடையே தீப்பொறி நீண்டு நின்று அவற்றை அரித்துவிடும். ஆதலின், விரல் எவ்வளவு மெதுவாகத் தள்ளினும், உள்ளிருக்கும் வில் முனைகளைச் சடக்கெனப் பிரிக்குமாறு அவர் செய்தார். நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அம்முறையே நம் வீட்டுச் சுவரில் 'டக்' என்று ஒலிக்கின்றது.

நிற்க. கைபேசியாலும் வாய்ச்சொல்லாலும் இயங்கும் ஸ்மார்ட் விசையின் வழி யாது? கட்டளை கைபேசியினின்று வைஃபை பெட்டிக்குச் செல்லும். அங்கிருந்து இணையத்தின் வழியே எங்கோ தொலைவிலுள்ள சர்வரையடைந்து, மீண்டும் வீடு திரும்பி, சுவருக்குள்ளிருக்கும் சில்லை எழுப்பி, ரிலேயைத் தட்டும். இவ்வழியில் ஆறு உறுப்புகள் உண்டெனக் கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தவறாது உழைப்பினும், ஆறும் ஒருங்கே உழைப்பது நூற்றுக்கு ஏறக்குறைய 94 முறையே, 0.99-ஐ ஆறு முறை வைத்துப் பெருக்கிப் பார்க்க. நாளொன்றுக்கு நான்கு முறை விசையைத் தொடும் வீட்டில் இது மாதத்துக்கு ஏழு பிழையாகும். அத்தகைய விசையை நம் பாட்டிமார் ஒருநாளும் பொறார்!

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் கம்பெனி தன் சர்வர்களை முன்னறிவிப்பின்றி நிறுத்தியபொழுது, வாங்கியோரின் கைபேசிக் கட்டளைகள் யாவும் வீணாயின. ஆயினும் சுவரிலிருந்த விசையைக் கையால் அழுத்தியோர்க்கு விளக்கு எரிந்தது.

கடமலைக்குண்டுப் பக்கத்தில் இவ்வினா விளக்கைக் காட்டிலும் தண்ணீரைப் பற்றியதாகின்றது. மூல வைகையின் கரையோரத் தோப்புகளில் மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த நாட்களில், நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து சென்று மோட்டாரைப் போடுதல் வழக்கம். பாம்பின் அச்சம் வேறு. இதற்கு மாற்றாகச் சிம் அட்டை பொருத்திய ஸ்டார்ட்டர்கள் வந்தன. புனேயின் சந்தோஷ் ஓஸ்த்வால் படைத்த 'நானோ கணேஷ்' அவ்வகையில் முன்னோடி. நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறையும் இத்தகைய கருவிகளுக்கு மானியம் அளித்துள்ளது.

என் சிற்றப்பா தோப்பில் அவ்வகைக் கருவியொன்று வைத்தார். ஒரு கோடையில், வீட்டிலிருந்தே அழைத்தார், 'மோட்டார் ஓடுகிறது' என்று பதில் வந்தது, உறங்கிவிட்டார். கிணற்றிலோ நீர் வற்றிக்கிடந்தது. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சூழ்ந்த நீரே குளிர்ச்சியாதலின், காயில் கருகிற்று. மறுபடி காயில் கட்டி இறக்குவதற்குள் பத்து நாட்கள் சென்றன; இளந்தென்னைகள் சில பட்டுப்போயின. கருவி பொய் கூறவில்லை. தான் இட்ட கட்டளையைத்தான் அது சொல்லிற்று. நீர் வந்ததா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

அக்கண்ணை அளிப்பது அரிதன்று. நீரின்றி ஓடும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும்; ஒரு முனை அறுந்தாலோ மற்றை முனைகளில் மிகும். இவற்றை அளந்து தானே நிறுத்தும் ஸ்டார்ட்டரே நம்பத்தக்கது. போன மின்சாரம் திரும்பியவுடன் ஊர் மோட்டார்கள் யாவும் ஒரே நொடியில் எழுந்தால் மின்னழுத்தம் சரியுமாதலால், ஒவ்வொன்றும் சிறிது தாமதித்துக் கிளம்புதலும் வேண்டும்.

வீட்டு விளக்குக்கும் இவை பொருந்தும். கட்டளை கடல் கடந்து செல்லாது வீட்டினுள்ளேயே முடிய வேண்டும்; 2022 அக்டோபரில் வெளியான 'மேட்டர்' என்னும் பொதுவிதி இதற்கு இடந்தருகின்றது. எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்குங் கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து ரிலேயின் முனைகளை ஒட்டவைப்பதுமுண்டு. விலை மலிவை மட்டுங் கருதுவோர் இதனை நோக்குவதில்லை. யாவற்றினும் முதன்மையாக, மாடிப்படி விளக்குக்கு இருவழி விசை அமைப்பதுபோல, சில்லு செத்தாலும் விரலுக்குப் பணியும் விசையொன்று உடனிருத்தல் இன்றியமையாதது.

சிற்றப்பாவின் மோட்டார் அறையில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இன்றும் உள்ளன. இரவில் கைபேசியால் போடுகிறார். பகலில் நடந்து சென்று, குழாய் வாயில் நீர் விழுவதைக் கண்டபின்பே திரும்புகிறார்.