கரண்ட் போனாலும் வேலை நிற்காமலிருக்க

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு எங்கேயோ இருக்கும் சர்வரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. 2024இல் மினி டைடல் பூங்கா வந்தது. அதற்கு முன்பே பலர் வீட்டு மாடியறையிலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எல்லோருக்கும் பொது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவைதாம்.

1. கரண்ட் போனால் எது சாகிறது, எது சாகவில்லை என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அணைவது உங்கள் வீட்டு ரூட்டர். தூரத்து சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எஸ்எஸ்ஹெச் தொடர்பு அறுந்தது தெரிந்ததும், அந்த டெர்மினலில் ஓடிய நிரல்களுக்கு ஹேங்-அப் சிக்னல் போகும். பெரும்பாலானவை அதோடு முடிந்துவிடும். காலையிலிருந்து ஓடிய டேட்டாபேஸ் இறக்குமதி பாதியில் நிற்பது இதனால்தான். இதற்கு மருந்து 1987இலேயே வந்துவிட்டது: பெர்லினில் ஆலிவர் லாமனும் கார்ஸ்டன் போர்மனும் எழுதிய ஸ்கிரீன். 2007இல் நிக்கோலஸ் மேரியட் எழுதிய டீமக்ஸ் வந்தது. இரண்டும் நிரலுக்கும் உங்களுக்கும் நடுவே நின்று டெர்மினலைத் தம் கையில் வைத்துக்கொள்ளும். நீங்கள் போனாலும் நிரலுக்குத் தெரியாது. எனக்குப் பழக்கம் டீமக்ஸ், ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

2. டீமக்ஸை சர்வருக்குள் திறங்கள், மடிக்கணினியில் அல்ல. மடிக்கணினியில் திறந்து, அதற்குள்ளிருந்து சர்வருக்குப் போனால், தொடர்பு அறும்போது அங்கே ஓடியது போனது போனதுதான்.

3. ஒவ்வொரு முறையும் வெறுமனே டீமக்ஸ் என்று அடிக்காதீர்கள். அடிக்கும்போதெல்லாம் ஒரு புது செஷன் பிறக்கும். 0, 1, 2 என்று தானே எண் போட்டுக்கொள்ளும். வார இறுதியில் எதற்குள் எது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது.

வேண்டியது ஒரே வரி: நியூ-செஷன் கட்டளையோடு பெரிய எழுத்தில் ஏ, பிறகு சின்ன எஸ், பிறகு பெயர். அந்தப் பெயரில் செஷன் இருந்தால் அதிலேயே நுழையும். இல்லையென்றால் புதிதாக உண்டாக்கி நுழையும். செஷன் இருக்கிறதா என்று ஹேஸ்-செஷன் கட்டளையால் கேட்டு, இல்லையென்றால் உண்டாக்கு என்று பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். இந்த வேலைக்கு அது வீண். கேட்பதற்கும் உண்டாக்குவதற்கும் நடுவில் இன்னொரு ஜன்னல் அதே பெயரில் செஷன் திறந்துவிட்டால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும்.

இதோடு பெரிய டி-யும் (D) சேர்த்துக்கொள்ளுங்கள். ரூட்டர் அணைந்து, செல்போன் ஹாட்ஸ்பாட் வழியாகத் திரும்ப வருகிறீர்கள். உங்கள் பழைய தொடர்பு செத்தது சர்வருக்கு உடனே தெரியாது. அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பதிப்புகளில் உங்கள் திரையை அதன் அளவுக்கே சுருக்கியும் வைக்கும். பெரிய டி அதைக் கழற்றிவிடும்.

வீட்டிலிருந்து ஒரே அடியில் நுழைய வேண்டுமானால் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் சின்ன டி (t) போட்டு, கடைசியில் இந்த வரியை வையுங்கள். சின்ன டி இல்லாவிட்டால் டெர்மினல் கிடைக்காது, டீமக்ஸ் மறுத்துவிடும். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் ரிமோட்-கமாண்ட் என்று எழுதி வைப்பதும் நல்லதுதான். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு மாற்றுப்பெயர் வையுங்கள். அதே பெயரில் ஆர்சிங்க் ஓட்டினால், இரண்டு கட்டளையை ஒன்றாக ஓட்ட முடியாது என்று எஸ்எஸ்ஹெச் சண்டைக்கு வரும்.

4. பெயரில் கவனம். 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'புதுசு' எல்லாம் வேண்டாம். வேலையின் பெயரையே வையுங்கள். ஸ்கிரிப்டில் இலக்கைக் குறிக்கும்போது டீமக்ஸ் முழுப் பெயர் கிடைக்காவிட்டால் பெயரின் தொடக்கத்தை வைத்தும் பொருத்தும். 'நெல்' என்ற செஷன் இல்லாமல் 'நெல்கொள்முதல்' மட்டும் இருந்தால், நெல் இருக்கிறதா என்ற கேள்விக்கு இருக்கிறது என்றே பதில் வரும். செஷனைக் கொல்லும் கட்டளைக்கும் இதே விதிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். பெயருக்கு முன் ஒரு = குறி போட்டால் முழுப் பெயரை மட்டும் பார்க்கும். புள்ளியும் முக்காற்புள்ளியும் பெயரில் வரக்கூடாது.

5. லாகின் செய்ததுமே டீமக்ஸ் திறக்கும்படி பாஷ்-ஆர்சி கோப்பில் எழுத எல்லோருக்கும் ஆசை வரும். எழுதலாம், இரண்டு சோதனைகளோடு. ஷெல் மனிதர் தட்டச்சு செய்கிற ஷெல்தானா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி கெடும். டீமக்ஸ் என்ற சூழல் மாறி காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். காலியில்லை என்றால் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். முன்னால் எக்ஸெக் போடாதீர்கள். ஒருநாள் டீமக்ஸ் கிளம்பாவிட்டால் சர்வருக்குள் போகும் வழியே அடைபடும். மாற்றியதும் இருக்கிற ஜன்னலை மூடாமல் இன்னொரு ஜன்னலில் லாகின் செய்து பார்த்துவிட்டு மூடுங்கள்.

6. டீமக்ஸ் சேமிப்பு அல்ல. சர்வர் ரீபூட் ஆனால் எல்லா செஷனும் போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சர்வர் உங்கள் அலுவலக மூலையிலேயே இருந்தால் அந்த நேரத்தில் டீமக்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. ரிசரெக்ட் என்ற செருகுநிரல் ஜன்னல் அமைப்பைத் திரும்பக் கொண்டுவரும். பாதியில் நின்ற கணக்கைக் கொண்டுவராது. நீண்ட வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதுவதுதான் உண்மையான காப்பு.

ரீபூட் இல்லாமலே செஷன் மறைந்தால் சிஸ்டம்டி-யைச் சந்தேகியுங்கள். 2016இல் வந்த 230ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய நிரல்கள் எல்லாவற்றையும் கொல்வதையே இயல்பாக்கியது. பல விநியோகங்கள் அதை அணைத்துத் தருகின்றன, எல்லாம் அல்ல. நீங்கள் வெளியேறிய பிறகும் நிரல்கள் ஓட விடும் லிங்கர் அனுமதியை வாங்கிக்கொண்டு, டீமக்ஸை சிஸ்டம்டி-ரன் கட்டளையால் பயனர் ஸ்கோப்பில் திறங்கள். லிங்கர் மட்டும் போதாது.

7. ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப் திறன் கொண்டது. அதுபோன்ற இடங்களில் கணக்கை ஸ்லர்ம் வரிசையில் கொடுங்கள். லாகின் கணினியில் டீமக்ஸ் திறந்து அதற்குள் கனமான வேலையை ஓட்டுவது மற்றவர் பங்கைப் பிடுங்குவது. லாகின் கணினி ஒன்றுக்கு மேல் இருந்தால், எதில் செஷன் திறந்தீர்களோ அதில்தான் அது இருக்கும். 'செஷனைக் காணோம்' என்று நிர்வாகிக்கு மின்னஞ்சல் எழுதுமுன் எந்தக் கணினியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

8. இதையெல்லாம் மின்தடை நாளில் சோதிக்க வேண்டாம். இன்றைக்கே பெயர் வைத்து ஒரு செஷன் திறந்து, ஏதாவது நீண்ட கட்டளையை ஓடவிட்டு, ரூட்டர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள்.