ஒரே கூரையின் கீழ்

மனிதன் வீடு கட்டிய இடமெல்லாம் பறவைகளும் குடியேறியுள்ளன. தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சிட்டுக்குருவிகள் கொத்தித் தின்பதற்காக நெற்கதிர்க் கொத்தைத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. தகைவிலான் குருவி வீட்டில் கூடு கட்டினால் நன்மை வந்து சேரும் என்பது சீனர்களின் நம்பிக்கை. நம் நாட்டில் அக்குருவி, சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டு வந்து கட்டடங்களின் கூரையடியில் கூடு அமைக்கும். வாசலில் தொங்கும் பூச்செடியில் தேன்சிட்டு கூடு பின்னும். இவை நம் இடத்தில் சிறிதளவே எடுத்துக்கொள்கின்றன; பூச்சிகளைத் தின்று நமக்கு உதவியும் செய்கின்றன.

ஆயினும், பறவைக்கும் மனிதனுக்கும் இடையிலான இந்த உறவு அளவு மீறினால் என்ன நேரும்? பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் அதற்கு விடை கூறுகிறது.

மலாய்மொழியில் ‘வாலிட்’ என்று அழைக்கப்படும் பறவை உழவாரன் இனத்தைச் சேர்ந்தது. இதனால் தகைவிலானைப்போல மின்கம்பியில் அமர முடியாது. சுவரைப் பற்றிக்கொண்டு தொங்கவே இதன் கால்கள் பயன்படும். இயற்கையில் இது சபாவின் கோமந்தோங், சரவாக்கின் நியா போன்ற குகைகளில் வாழ்கிறது. ‘டிக், டிக்’ என ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருளிலும் வழி அறிகிறது. தன் உமிழ்நீரையே நூலாக்கி, கிண்ணம் போன்ற வெண்ணிறக் கூட்டைக் கட்டுகிறது. சீனர்கள் அக்கூட்டைச் சூப்பாகச் சமைத்து உண்பர். அதனால் அதற்குச் சந்தையில் மிக உயர்ந்த விலை உண்டு.

குகைப் பறவை நகரத்திற்கு வந்தது எவ்வாறு? ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகள் பல, நெடுங்காலம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. அச்சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது; 2000-ஆம் ஆண்டு முதல் வாடகை உயர்ந்தது. பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்கள் வெளியேறினர். ஆளில்லாத வீடுகள் சில பறவை வீடுகளாக மாறின. சன்னல்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டன. பறவை நுழைய ஒரு துளை மட்டும் விடப்பட்டது. உள்ளே இருளும் ஈரமும் உண்டாக்கி, பதிவு செய்யப்பட்ட பறவைக் குரலை ஒலிபெருக்கியில் ஓயாமல் ஒலிக்கவிட்டனர்.

வெறுமனே கிடக்கும் வீடு பறவைகளால் வருமானம் தருகிறதே என்பது உரிமையாளர்களின் வாதம். அண்டை வீட்டாரின் நிலையோ வேறு. நாள் முழுவதும் ஒலிபெருக்கியின் இரைச்சலைக் கேட்க வேண்டியிருந்தது. ஈரம் பொதுச்சுவரைக் கடந்து பரவியது. எச்சத்தாலும் ஈரத்தாலும் மரத்தளமும் சுண்ணாம்புச் சுவரும் பாழாகும் என்ற கவலையும் எழுந்தது. எல்லாவற்றையும்விட, மக்கள் வாழ்ந்த தெருவில் விளக்கெரியாத வீடுகள் பெருகின.

2008 ஜூலை 7-ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. லெபோ பாசாரை உள்ளடக்கிய லிட்டில் இந்தியாவும் அப்பாரம்பரியப் பகுதியில் அடங்கும். கோயில், பள்ளிவாசல், சீனர் ஆலயம், கடைவீடு ஆகியவற்றோடு அங்கு வாழும் மக்களின் பண்பாடும் சேர்ந்ததே அந்நகரின் பெருமை. மக்கள் இல்லாவிட்டால் கட்டடம் வெறும் கூடுதான். ஆகவே, பாரம்பரியப் பகுதியிலுள்ள பறவை வீடுகளை 2013-ஆம் ஆண்டு இறுதிக்குள் அகற்ற மாநில அரசு காலக்கெடு விதித்தது.

இங்கு மற்றொரு பொறுப்பையும் மறத்தலாகாது. வாலிட் பறவை இரண்டு முட்டைகளே இடும். அவை பொரிய ஏறத்தாழ மூன்று வாரமும், குஞ்சு பறக்க மேலும் ஆறு வாரமும் ஆகும். அதற்குள் நுழைவழியை அடைத்தால், தாய்ப்பறவை வெளியில் தவிக்க, குஞ்சுகள் உள்ளே பட்டினியால் மடியும். பறவை தானாக வந்து யாரையும் வெளியேற்றவில்லை. மனிதனே அதனை அழைத்து வந்தான். எனவே, அனுப்பும்போதும் இரக்கம் காட்டுவது அவன் கடமை.

இப்பாடம் நம் வீட்டிற்கும் பொருந்தும். கூரையடியில் கூடு ஒன்றைக் கண்டால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை அதனைத் தொடாமல் விடுவோம். கூட்டிற்குச் சற்றுக் கீழே ஒரு பலகையைப் பொருத்தினால், எச்சம் நடைபாதையில் விழாது. காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசு கிளப்பாமல், நீர் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து அகற்ற வேண்டும். அண்டை வீட்டாருக்கு இடையூறு உண்டா என்று கேட்டறிவதும் நற்பண்பே.

பறவைக்கு இடம் கொடுப்பது அன்பு. எவ்வளவு இடம் கொடுப்பது என்று அறிவது அறிவு. அன்பும் அறிவும் இணைந்தால், ஒரே கூரையின் கீழ் மனிதனும் வாழலாம், பறவையும் வாழலாம்.